பெஞ்சிலிருந்து எழப்போகிறவர் யார்? கூடைப்பந்து சீசனுக்கு முன்பே கணிக்கும் முறை

சென்னைக் கல்யாண மண்டபங்களில் பந்தி நடக்கும்போது ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நின்றுகொள்வார். முன்னால் இருப்பவர் ரசத்துக்கு வந்துவிட்டாரா, மோருக்கு வந்துவிட்டாரா என்று அவர் கண் இலை மேலேயே இருக்கும். பசி மண்டபத்தில் எல்லோருக்கும் உண்டு. இடம் கிடைப்பது, சீக்கிரம் காலியாகும் நாற்காலிக்குப் பின்னால் நின்றவருக்கு.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் யாரும் கண்டுகொள்ளாத ஆட்டக்காரர் ஒருவர் ஒரே சீசனில் நட்சத்திரமாகிற கதையும் பெரும்பாலும் இந்தப் பந்திக் கதைதான். ஒவ்வோர் அக்டோபரிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஐந்து பெயர்களை எழுதி வைப்பது என் வழக்கம். ஆரம்பத்தில் திறமையைத் தேடினேன். ஐந்தும் பொய்த்த ஆண்டுகள் உண்டு. நாற்காலியைத் தேடத் தொடங்கிய பிறகு ஒன்றிரண்டு தேறுகின்றன. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஜூலையில் தொடங்கி டிசம்பரில் முடிகிற வேலை இது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் புள்ளிவிவரப் பக்கமும் ஒரு பென்சிலும் போதும்.

முதல் படி: எந்த மாதிரி ஆளைத் தேடுகிறோம்?

1985-86 சீசனிலிருந்து அதிக முன்னேற்றம் கண்ட ஆட்டக்காரருக்கு என்.பி.ஏ. விருது கொடுத்து வருகிறது. பழைய விருதுப் பட்டியலைப் புரட்டுவது நல்ல பயிற்சி, ஆனால் அதை அப்படியே நம்ப வேண்டாம். 2021-22இல் அதை வாங்கிய ஜா மொரான்ட், 2019 டிராஃப்டில், அதாவது அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டாவதாக எடுக்கப்பட்டவர். முதல் சீசனிலேயே சிறந்த புதுமுகம் விருதையும் வாங்கியவர். அவர் வளர்வார் என்று சொல்ல நோட்டும் பென்சிலும் தேவையில்லை.

நமக்கு வேண்டியவர்கள் இரண்டு வகை. ஒருவர், இடமே கிடைக்காதவர்: ஆட்டத்துக்கு 25 நிமிடத்துக்குக் கீழே ஆடியவர், 10 புள்ளியைத் தொடாதவர். மற்றவர், இடம் கிடைத்தும் தனக்குப் பொருந்தாத வேலையில் மாட்டிக்கொண்டவர். இந்த இரண்டாவது வகையைக் கண்டுபிடிப்பது கடினம். காரணம், அவரை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்; "இவ்வளவுதான் இவர்" என்று முடிவும் கட்டிவிட்டார்கள்.

இரண்டாம் படி: 240 நிமிடக் கணக்கு

என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஐந்து பேர். ஆக, ஓர் இரவில் ஒரு பயிற்சியாளர் பங்கிட்டுக் கொடுக்கக்கூடியது 240 ஆட்ட நிமிடங்கள். இதைக் கூட்டவும் முடியாது, கடன் வாங்கவும் முடியாது. ஒருவருக்குப் பத்து நிமிடம் கூட வேண்டுமானால் வேறு யாரோ அந்தப் பத்து நிமிடத்தை விட்டுப் போயிருக்க வேண்டும்.

ஜூலை மாதத்தில் ஒப்பந்தங்களும் பரிமாற்றங்களும் ஓரளவு அடங்கியதும், முப்பது அணிகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கம், அணியை விட்டுப் போனவர்களும் கடந்த சீசனில் அவர்கள் ஆடிய சராசரி நிமிடங்களும். வலப்பக்கம், புதிதாக வந்தவர்களும் அவர்கள் வாங்கப்போகிற நிமிடங்களும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காலி நாற்காலி. முப்பது அணிக்கும் இதைச் செய்ய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும். சலிப்பான வேலைதான். சலிப்பாக இருப்பதால்தான் பெரும்பாலான ரசிகர்கள் செய்வதில்லை. நமக்கு ஆதாயம் கிடைப்பதும் அதனால்தான்.

பாடப்புத்தகத்தில் வைக்கத் தகுந்த உதாரணம் 2015 கோடையின் போர்ட்லாண்ட் அணி. லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் சான் அன்டோனியோவுக்குப் போனார். வெஸ்லி மேத்யூஸ் டாலஸுக்கு, நிக்கோலா பட்டூம் ஷார்லட்டுக்கு, ராபின் லோபெஸ் நியூயார்க்குக்கு. ஆரம்ப ஐவரில் நால்வர் ஒரே கோடையில் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற நிமிடங்களைக் கூட்டினால் 130ஐ நெருங்கும். 240இல் பாதிக்கு மேல். அந்த அணியின் பெஞ்சில் சி.ஜே. மெக்காலம் என்ற கார்ட் (வெளிப்பக்கத்தில் பந்தைக் கையாளுகிறவர்) இருந்தார். 2014-15இல் ஆட்டத்துக்கு 15.7 நிமிடம், 6.8 புள்ளி. அடுத்த சீசனில் 34.8 நிமிடம், 20.8 புள்ளி, விருதும் அவருக்கே.

இங்கே கொஞ்சம் நின்று கணக்கைக் கிளற வேண்டும். பழைய வேகத்திலேயே ஆடியிருந்தால் 34.8 நிமிடத்தில் அவருக்கு 15 புள்ளிதான் வந்திருக்கும். மிச்சம் ஐந்து, ஆறு புள்ளிகள் எங்கிருந்து வந்தன? ஆல்ட்ரிட்ஜ் மட்டுமே ஆட்டத்துக்கு ஏறத்தாழ 20 முறை கூடைக்கு எறிந்துகொண்டிருந்தவர். அவர் போனபோது நிமிடங்களோடு பந்தையும் விட்டுச்சென்றார். அதனால் உங்கள் இடப்பக்கப் பட்டியலில் நிமிடத்துக்கு அருகிலேயே இன்னொரு எண்ணையும் எழுதுங்கள்: போனவர் ஆட்டத்துக்கு எத்தனை முறை எறிந்தார் என்பது. தடுப்பாட்டத்துக்காகவே வைத்திருந்த ஒருவர் 30 நிமிடத்தை விட்டுப் போனால், பின்னால் நிற்பவருக்கு வியர்வை கிடைக்கும், புள்ளி கிடைக்காது.

காயத்தால் திறக்கும் நாற்காலியை யாராலும் கணிக்க முடியாது. ஆனால் எந்த நாற்காலிக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று முன்பே தெரிந்து வைத்திருக்கலாம். 2014 சீசன் தொடக்கத்தில் கோல்டன் ஸ்டேட் அணியின் டேவிட் லீக்குத் தொடைத் தசையில் காயம். அவர் இடத்தில் ஆடத் தொடங்கியவர், 2012 டிராஃப்டில் 35ஆவதாக எடுக்கப்பட்ட டிரேமண்ட் கிரீன். லீ குணமாகித் திரும்பினார். நாற்காலி திரும்பவில்லை.

மூன்றாம் படி: 36 நிமிடத்துக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு அதைச் சந்தேகியுங்கள்

குறைவாக ஆடியவர்களை ஒப்பிட, எல்லா எண்களையும் 36 நிமிட அளவுக்கு மாற்றிக்கொள்வது வழக்கம். மெக்காலத்துக்கு அந்த 6.8 புள்ளி இந்தக் கணக்கில் 15.6 ஆகிறது. டொராண்டோவின் பாஸ்கல் சியாகம் 2017-18இல் 20.7 நிமிடத்தில் 7.3 புள்ளி, அதாவது 36 நிமிடத்துக்கு 12.7. அடுத்த சீசனில் 31.8 நிமிடத்தில் 16.9, 36 நிமிடக் கணக்கில் 19ஐத் தாண்டிவிட்டார்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பெஞ்சு ஆட்டக்காரர் பெரும்பாலும் எதிரணியின் பெஞ்சுக்கு எதிராகத்தான் ஆடுகிறார். இருபது புள்ளி வித்தியாசத்தில் முடிந்துபோன ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் குவித்த எண்களும் இதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே அவர் ஆரம்ப ஆட்டக்காரராக இறங்கிய ஆட்டங்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். யாருக்கோ காயம், யாருக்கோ ஓய்வு என்று ஆறேழு ஆட்டமாவது தேறும். டாலஸ் அணியின் ஜேலன் பிரன்சனுக்கு அப்படி ஒரு வாய்ப்பு பிளே-ஆஃபிலேயே, அதாவது சீசன் முடிவில் நடக்கும் வெளியேற்றச் சுற்றிலேயே, கிடைத்தது. 2022இல் யூட்டாவுக்கு எதிரான முதல் மூன்று ஆட்டங்களில் அவர் அணியின் நட்சத்திரம் லூகா டான்சிச் காயத்தால் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் பிரன்சன் 41 புள்ளி எடுத்தார். அந்தக் கோடையில் நியூயார்க்குக்குப் போனார், 16.3ஆக இருந்த சராசரி 24 ஆனது. மெக்காலமும் மேத்யூஸுக்குக் காயம் பட்ட பிறகு, 2015 பிளே-ஆஃபில் தன் அணியின் கடைசி ஆட்டத்தில் மெம்பிஸுக்கு எதிராக 33 எடுத்திருந்தார். துப்பு ஏப்ரலிலேயே தரையில் கிடந்தது.

நான்காம் படி: எந்த எண் நிற்கும், எது பறந்துவிடும்

மூன்று புள்ளி எறிதலின் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிவது) சதவீதத்தைப் போல ஆளை ஏமாற்றும் எண் வேறில்லை. உண்மையான திறமை 36 சதவீதம் உள்ள ஒருவர் 100 முறை எறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் அதிர்ஷ்டத்தின் ஆட்டத்தாலேயே அவர் 31க்கும் 41க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். மூன்றில் ஒரு முறை அந்த எல்லைக்கும் வெளியே போய்விடுவார். பெஞ்சு ஆட்டக்காரர் பலர் ஒரு சீசனில் எறிவதே நூறு, நூற்றைம்பதுதான். 41 சதவீதத்தைப் பார்த்து மயங்கிப் பெயர் எழுதினால் டிசம்பரில் வருத்தப்படுவீர்கள்.

அதற்குப் பதிலாக ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். யாரும் தடுக்காத, ஒரே தூரத்து எறிதல். கை எப்படிப்பட்டது என்பதை அது நேராகச் சொல்லும். காவாய் லெனார்ட் கல்லூரியில் ஆடிய இரண்டு ஆண்டுகளிலும் மூன்று புள்ளி எறிதலில் 30 சதவீதத்தைத் தொடவில்லை. ஃப்ரீ த்ரோவில் நூற்றுக்கு எழுபதைத் தாண்டியிருந்தார். என்.பி.ஏ.வில் முதல் சீசனிலேயே மூன்று புள்ளியில் 37.6 சதவீதம்.

இந்த அளவுகோலும் சில நேரம் கவிழும். சியாகம் 2017-18இல் மூன்று புள்ளியில் 22 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 62 அளவில்தான். இரண்டையும் பார்த்து அவரை ஒதுக்கியவர்களில் நானும் ஒருவன். அடுத்த சீசனில் இரண்டும் சேர்ந்தே ஏறின: 36.9, 78.5.

பந்து பறித்தல், ரீபவுண்ட் (தவறிய எறிதலில் பந்தைக் கைப்பற்றுவது), அசிஸ்ட் (கூடை விழ உதவும் பாஸ்) ஆகியவை நிமிடம் கூடினாலும் பெரும்பாலும் அதே வேகத்தில் நிற்பவை. இதில் டைசன் டேனியல்ஸ் எனக்குப் பிடித்த உதாரணம். 2023-24இல் நியூ ஆர்லியன்ஸில் 22.3 நிமிடத்தில் 5.8 புள்ளி. யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆனால் அந்தக் குறைந்த நேரத்திலேயே ஆட்டத்துக்கு 1.4 முறை பந்தைப் பறித்துக்கொண்டிருந்தார். 2024 கோடையில் அட்லாண்டாவுக்கு மாற்றப்பட்டார். டெஜாண்டே மர்ரே போன இடம் அது. 34 நிமிடத்தை ஒட்டி நேரம் கிடைத்தது. ஆட்டத்துக்கு 3 பறிப்பு, சீசன் முழுக்க 229. புள்ளியும் 14.1 ஆனது, விருதும் வந்தது.

பெரிய உருவ ஆட்டக்காரர் என்றால் தவறுகளை, அதாவது ஃபவுல்களை, முதலில் பாருங்கள். ஆறு ஃபவுலில் வெளியே போக வேண்டும். 36 நிமிடத்துக்கு ஐந்தரை, ஆறு என்று தவறு செய்கிறவருக்கு எந்தப் பயிற்சியாளரும் 30 நிமிடம் கொடுக்க முடியாது, மனம் இருந்தாலும்.

ஐந்தாம் படி: கண்ணால் பாருங்கள், ஆனால் பந்தைப் பார்க்காதீர்கள்

இதை நான் கற்றது அமெரிக்க ஆட்டத்தைப் பார்த்து இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு கல்லூரி ஆட்டம். விளக்கு வெளிச்சத்தில் சிமென்ட் தளம், படிக்கட்டில் இருபது, முப்பது பேர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் நீண்ட காலம் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பந்தோடு ஓடுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, பந்தை விடுங்கள். அந்த ஒன்பதாம் நம்பர் பையனின் காலைப் பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். ஒன்பதாம் எண் பையன் மொத்தமே ஆறேழு நிமிடம் ஆடியிருப்பான். எறிந்தது இரண்டு முறை, இரண்டும் உள்ளே போகவில்லை. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்குள் அவன் இரு பாதங்களும் கூடையை நோக்கித் திரும்பி, முழங்கால் மடங்கித் தயாராக இருந்தன. தடுப்பாட்டத்தில் பந்து எதிர்ப்பக்க மூலையில் இருக்கும்போது அவன் ஓரடி உள்ளே நகர்ந்து நிற்பான். பந்து திரும்பியதும் சிறு சிறு அடிகளாக வைத்து எறிபவனை நெருங்குவான், பாய மாட்டான். பெஞ்சுக்குத் திரும்பியதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துப் பையனிடம் எதையோ சொல்லிக் கையால் இடப்பக்கம் காட்டினான். அடுத்த முறை எதிரணி இடப்பக்கம்தான் வந்தது. "இவனுக்கு முன்னால் இரண்டு இறுதியாண்டுப் பையன்கள். ஏப்ரல் கழியட்டும்" என்றார் பெரியவர். மறு சீசனில் ஒன்பதாம் எண் ஆரம்ப ஐவரில் இருந்தான்.

என்.பி.ஏ. ஆட்டத்தையும் அப்படித்தான் பாருங்கள். உங்கள் பட்டியலில் உள்ளவரின் பழைய ஆட்டங்களில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கால் பகுதி (12 நிமிடம்) முழுக்க அவரை மட்டும் கண்ணால் தொடருங்கள். பந்து கைக்கு வருமுன் முடிவு எடுத்துவிட்டாரா, வந்த பிறகு யோசிக்கிறாரா? முதல் வழி அடைபட்டால் இரண்டாவது வழி இருக்கிறதா? நான்காவது கால் பகுதியில், வித்தியாசம் ஐந்து புள்ளிக்குள் இருக்கும்போது பயிற்சியாளர் அவரை இருத்தி வைக்கிறாரா, வெளியே எடுக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில், பயிற்சியாளர் பேட்டிகளில் சொல்லும் எல்லாவற்றையும்விட நம்பகமானது.

ஆறாம் படி: தவறான வேலையில் இருப்பவர்

லாரி மார்க்கனென் ஏழடி உயரம். கிளீவ்லாந்தில் இவான் மோப்லி, ஜாரெட் ஆலன் என்ற இரண்டு பெரிய உருவங்களோடு சேர்ந்து ஆட வேண்டியிருந்ததால் வெளிப்பக்கத்தில் நிற்பது அவர் வேலையானது. 2021-22இல் 14.8 புள்ளி. 2022 செப்டம்பரில் டோனவன் மிட்சலுக்கான பரிமாற்றத்தில் யூட்டாவுக்கு அனுப்பப்பட்டபோது, அவர் பெயர் செய்தியின் நான்காவது வரியில்தான் இருந்திருக்கும். அதே மாதம் ஐரோப்பியக் கோப்பையில் பின்லாந்துக்காக ஆடினார். அங்கே பந்து அவர் கையில். குரோஷியாவுக்கு எதிராக 43 புள்ளி. யூட்டாவில் அந்த சீசன் 25.6.

ஆகையால் கோடையில் நடக்கும் நாட்டு அணி ஆட்டங்களைத் தவறவிடாதீர்கள். கிளப்பில் ஐந்தாவது ஆளாக இருப்பவர் நாட்டுக்காக முதல் ஆளாக ஆடும்போது, அவருக்குள் இருக்கும் இன்னொரு ஆட்டக்காரர் வெளியே தெரிவார்.

ஒரே இடத்துக்கு இரண்டு பேர் மோதுவதும் இதே நோயின் வேறு வடிவம். டென்வரில் நிகோலா யோகிச்சும் யூசுஃப் நுர்கிச்சும் இருவருமே சென்டர், அதாவது கூடைக்கு அருகில் ஆடும் பெரிய உருவம். சேர்த்து ஆட வைத்துப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. 2016 டிசம்பர் 15 அன்று பயிற்சியாளர் மைக்கேல் மலோன், யோகிச்சை ஆரம்ப சென்டராக்கி நுர்கிச்சைப் பெஞ்சுக்கு அனுப்பினார். அடுத்த பிப்ரவரியில் நுர்கிச் போர்ட்லாண்டுக்குப் போனார். யோகிச் 2014 டிராஃப்டில் 41ஆவது ஆள். பின்னாளில் அவர் நட்சத்திரமான மிச்சக் கதை ஊருக்கே தெரியும்.

ஏழாம் படி: வயது, ஒப்பந்தம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூன்றாவது, நான்காவது சீசனில் காலடி வைப்பவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். மெக்காலம், சியாகம், டேனியல்ஸ் மூவருக்கும் அது மூன்றாவது சீசன். 27ஐத் தாண்டியவர் என்றால் வலுவான காரணம் வேண்டும். ஒப்பந்தம் முடியும் ஆண்டில் எல்லோரும் வெறியோடு ஆடுவார்கள் என்ற பேச்சுக்கு நான் அதிக மதிப்பு கொடுப்பதில்லை. அவருக்கு முன்னால் நிற்பவரின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதே எனக்கு முக்கியம்.

எட்டாம் படி: பொய்ச் சாட்சிகள்

ஒரு ஜூலையில், லாஸ் வேகஸ் கோடை லீக்கில் இளைஞர் ஒருவர் எல்லோரையும் பந்தாடுவதைப் பார்த்து, அவர் பெயரை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அவர் இடத்தில் ஆடும் மூத்தவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் மிச்சம் இருந்ததைக் கவனிக்கவில்லை. டிசம்பரில் அந்த இளைஞர் மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தவறு முழுக்க என்னுடையது.

கோடை லீக் ஆட்டம் 40 நிமிடம். வெளியேற்றத்துக்குப் பத்து ஃபவுல் வரை அனுமதி. பெரிய உருவ ஆட்டக்காரரின் முக்கியமான பலவீனத்தை அங்கே சோதிக்கவே மாட்டார்கள். "ஏழு கிலோ தசை கூட்டிவிட்டார்" என்ற செய்தி ஒவ்வொரு செப்டம்பரிலும் வரும். ஆவணி மாதத்து முகூர்த்தப் பத்திரிகை மாதிரி. காலியான உள்ளரங்கில் எதிராளியே இல்லாமல் எறியும் காணொளிகளும் அதே ரகம். அக்டோபர் முன்னோட்ட ஆட்டங்களில் ஒன்றை மட்டும் பாருங்கள்: அவர் யாரோடு சேர்ந்து களமிறக்கப்படுகிறார். எடுத்த புள்ளிகளைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: எழுதி வையுங்கள், சதவீதத்தோடு

மனத்துக்குள் கணித்தவர் எல்லோரும் ஏப்ரலில் "நான் அப்போதே சொன்னேன்" என்பார்கள். அதனால் காகிதம். ஒவ்வொரு பெயருக்கும் நான்கு வரி: எந்த நாற்காலி, எந்தத் திறமை அதற்குச் சான்று, எது நடந்தால் என் கணிப்பு செத்துவிடும், எத்தனை சதவீதம் நம்புகிறேன். என் நோட்டில் 40க்கு மேல் போன பெயர்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவை 20, 25. நான்கு பெயருக்கு 25 கொடுத்து ஒன்று பலித்தால் நான் சரியாகவே கணித்திருக்கிறேன் என்று பொருள். நான்கும் பலித்தால், சதவீதத்தைக் குறைத்து எழுதிய நான் கோழை. விருதையும் சேர்த்துக் கணிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2023-24 முதல், விருதுக்குத் தகுதி பெற 65 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். அடிக்கடி காயம்படுகிறவருக்குச் சதவீதத்தைக் குறையுங்கள்.

நம் ஊர்த் தளத்திலும் இதே கணக்குத்தான்

1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியது ஒரு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான். சென்னையில் ஹாரி குரோ பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. அனிதா பால்துரை போன்ற இந்திய அணித் தலைவரைக் கொடுத்த ஊர் இது. அமெரிக்க ஆட்டத்துக்கு அதிகாலையில் எழுகிறவர்கள், மாலையில் பக்கத்துக் கல்லூரி ஆட்டத்துக்கும் ஒரு நடை போய் வரலாம். அங்கே 40 நிமிடம், ஐந்து பேர். எனவே கணக்கு 200 நிமிடம். ஃபவுல் ஐந்து. ஒப்பந்தத்துக்குப் பதிலாக இறுதியாண்டுத் தேர்வு நாற்காலியைக் காலி செய்கிறது. வேலைக்கு எடுக்கும் வங்கியும் ரயில்வேயும் கிளப் அணியின் நாற்காலியைக் காலி செய்கின்றன. எறிதல் சதவீதத்தை மட்டும் நம்ப வேண்டாம். திறந்தவெளித் தளத்தில் மாலை நேரக் கடற்காற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

கடைசிப் படி: முதல் இருபது ஆட்டங்கள்

சீசன் அக்டோபர் இறுதியில் தொடங்கும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7.30 ஆட்டம் நமக்கு அதிகாலை 5 மணி. நவம்பர் தொடக்கத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிய பிறகு 6 மணி. பால் பாக்கெட் வாசலில் விழும் நேரம். காபியைக் கலந்துகொண்டு வந்து உட்காருங்கள். புள்ளிகளை முதல் இருபது ஆட்டங்களுக்குக் கண்டுகொள்ளாதீர்கள். முதல் கால் பகுதியில் ஐந்தாறு நிமிடம் ஆனதும் பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். அப்போது யார் பெயரைக் கூப்பிடுகிறார், முதலில் மேல்சட்டையைக் கழற்றுகிறவர் யார் என்பதை மட்டும் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஆரம்ப ஐவரையும் சேர்த்து எண்ணினால், அக்டோபரில் எட்டாவதாக எழுந்தவர் நவம்பர் நடுவில் ஆறாவதாக எழுகிறார் என்றால், அந்தப் பெயருக்கு நேரே இருக்கும் 25ஐ அடித்துவிட்டு 40 என்று போடுங்கள். அடித்ததை அழிக்க வேண்டாம். பழைய எண்ணும் தெரியட்டும்.